காரைக்கால் குளிரும் வெண்பொங்கலும்: ஓர் ஆய்வு

காரைக்காலில் குளிர்காலம் உண்டா? மார்கழி விடியலில்கூட அங்கே வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த வெப்பநிலையில் ஊட்டிக்காரர் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்; காரைக்கால்காரரோ காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டுதான் பால் வாங்கக் கிளம்புவார். இந்த முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் சான்று குளியலறை மாடத்தில் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். ஆகவே, பாட்டிலைக் கவிழ்த்தும் சொட்டு விழாத காலையைக் குளிர்காலை எனக் கொள்ளலாம். நெய்யின் சாட்சியம் செல்லாது. அது இன்னும் முன்பே இறுகிவிடும் அவசரக் குடுக்கை.

இரண்டாம் சான்று வெண்பொங்கல். குளிர் வந்ததால் பொங்கல் வைக்கிறார்கள் என்பது மேலோட்டமான பார்வை. மார்கழி பிறந்ததும் பொங்கல் வைக்கிறார்கள். அதில் ஆவி பறக்கிறது. ஆவியைப் பார்த்தவர்களுக்குக் குளிர் எடுக்கிறது. இதுவே இவ்வாய்வின் துணிபு.

1739-இல் வந்து 1954-இல் கிளம்பிய பிரெஞ்சுக்காரர்களால் (நடுநடுவே ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட ஆண்டுகள் தள்ளுபடி) இத்துறைக்குப் பயனில்லை. ரொட்டியும் காபியும் போதும் என்று இருந்தவர்கள். ஒப்பிடத்தக்கவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களே. அங்கே கார்பிரிட்ஜ் என்னும் ஊரில் 1994 முதல் ஓட்ஸ் கஞ்சிக்கு உலகப் போட்டி நடக்கிறது. முதல் பரிசு, தங்கத் துடுப்பு. மரபுவழிப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு தவிர வேறெதற்கும் அனுமதியில்லை. நெய்யும் முந்திரியும் இல்லாமல் அந்தக் குளிரை எப்படித்தான் தாங்குகிறார்களோ!

செய்முறைக்கு வருவோம். ஒரு பங்கு பச்சரிசிக்கு அரைப் பங்கு பாசிப்பருப்பு. கால் பங்கு போதும் என்பது சிக்கனவாதிகளின் கொள்கை. பருப்பை வாசனை வரும்வரை வறுத்தால் போதும், சிவக்கக் கூடாது. தண்ணீர் ஐந்து பங்கு. டெல்டாவில் சம்பா அறுவடை தையில்தான் என்பதால் மார்கழிப் பானைக்குப் பெரும்பாலும் பழைய அரிசியே கதி. பழசு தண்ணீரை நன்றாகக் குடிக்கும். புது அரிசிக்கு அதே அளவு ஊற்றினால் கிடைப்பது கூழ்.

ஆவி அடங்கினால் பொங்கலின் குணமே மாறிவிடும். வெந்தபோது விரிந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி பின்னிக்கொண்டு இறுகுகிறது. ஆறு மணிக்கு இலையில் தளர்ந்து பரவியது, எட்டரைக்கு எழுந்து வருபவருக்குக் கரண்டி நட்டால் நிற்கும். வெந்நீர் தெளித்துக் கிளறினால் இளகும். பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ கட்டி ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம். இந்தச் சிக்கல் கோயிலில் எழுவதில்லை. தொன்னையில் விழுந்த சூட்டுக்குப் பயந்து இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி, ஊதி ஊதி, பிராகாரம் சுற்றி முடிப்பதற்குள் தொன்னை காலி.

திருவாதிரையன்று மட்டும் பொங்கலுக்கு ஒரு போட்டியாளர்: களி. சிவனின் ஆட்டத்தைப் பாடிய அம்மையார் பிறந்த ஊரில் ஆடலரசனுக்கான களியைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அது இனிப்பு. மிளகுக்கு அங்கே வேலையில்லை.

மிளகுதான் இவ்வாய்வின் தீராத வழக்கு. போர்ச்சுக்கீசியர் வழியாக மிளகாய் வந்து சேரும்வரை தமிழர் சமையலில் காரம் என்றால் முதலில் மிளகுதான். சோழர் கல்வெட்டுகளின் அமுதுபடிக் கணக்கிலும் அதற்கு இடமுண்டு. இன்றோ முழு மிளகுக் கட்சி, பொடித்த மிளகுக் கட்சி என்று வீடுகள் பிரிந்து கிடக்கின்றன. முழு மிளகைப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக அடுக்குவோர் தப்பித்ததாக நினைக்கிறார்கள். மிளகின் காரப்பொருளான பைப்பரின் கொழுப்பில் கரையும். தாளிக்கும்போதே அதில் ஒரு பகுதி நெய்யில் இறங்கி, பானை முழுக்கப் பரவிவிடுகிறது. மருமகன் மிளகை ஒதுக்குவதைப் பார்த்தும் மாமியார் பேசாமல் இருப்பது இதனால்தானா, மரியாதையாலா என்பது அடுத்த மார்கழி ஆய்வுக்கு உரியது.