மூன்று வயது மிராசுதார்

எனக்கு மூன்று வயதில் மிராசுதார் பட்டம் கிடைத்தது. மன்னார்குடிப் பக்கம் ஆறு மா நன்செய் என் பெயருக்கு வந்திருந்தது. எனக்கு அதைச் சொல்லவும் தெரியாது. சொன்னால் கேட்க ஆளும் இல்லை.

தஞ்சாவூர்க் கணக்கில் 20 மா ஒரு வேலி. தாத்தாவிடம் இருந்தது நாலரை வேலி, அதாவது 30 ஏக்கர். காமராஜர் காலத்து நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று கோடு போட்டபோது, மீசையை முறுக்கிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார். 1970இல் கருணாநிதி அரசு அதைப் பாதியாக்கியது. கணக்குப்படி இரண்டேகால் வேலி அரசாங்கத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, எங்களுக்குள்ளேயே போயிற்று. சித்தப்பாவுக்குக் கொஞ்சம், பெரியப்பாவுக்குக் கொஞ்சம். அப்பா சர்க்கார் உத்தியோகம். தன் பெயரில் சொத்து சேர்ந்தால் மேலதிகாரிக்கு எழுத வேண்டுமே என்று நடுங்கினார். அதனால் அவர் பங்குக்கு நான். எல்லாம் ஒரு கூறு சீட்டில் முடிந்தது. சீட்டில் இருந்த தேதி, சட்டத்தின் தேதியான 1970 பிப்ரவரி 15க்கு மிகவும் முந்தியது. மை மட்டும் புதுசு என்று பாட்டி பின்னாளில் சொன்னாள்.

இத்தனைக்கும் நாங்கள் சின்ன மீன்கள். பெரிய பண்ணைகளுக்குக் கிடைத்த அவகாசம் இன்னும் தாராளம். முதல் மசோதா 1960 ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத்துக்கு வந்தது. ஒப்புதல் பெற்றுச் சட்டமாக 1962 ஆயிற்று. 1964இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு அரசியல் சாசனத்துக்கு 17ஆவது திருத்தம் போட்டு, ஒன்பதாவது அட்டவணையில் வைத்து உயிர் கொடுத்தார்கள். நடுவில் தோப்புக்கு விலக்கு, மேய்ச்சல் நிலத்துக்கு விலக்கு, சர்க்கரை ஆலையின் கரும்புக்கு விலக்கு, கோயில் அறக்கட்டளைக்கு விலக்கு. நெல் விளைந்த நிலத்தில் திடீரென்று மாடு மேய்ந்தது, தர்ம சிந்தனை பெருகியது. இதெல்லாம் நடக்கும்போதுதான் 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள்.

கல்லூரியில் படித்தபோது இந்த நில ஏய்ப்பைப் பற்றி மேடை மேடையாகப் பேசினேன். “பினாமிகளே, உங்கள் முகத்திரையைக் கிழிப்போம்” என்பது என் முத்தாய்ப்பு. நல்ல கைதட்டல் வரும். ஒருமுறை கோப்பை ஒன்றும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து கந்தாயம் கட்டிய ரசீதை எடுத்து நீட்டினார். என் பெயர், இனிஷியலோடு. கிழிக்க வேண்டிய முகத்தை அன்று மாலை சவரம்தான் செய்துகொண்டேன்.

ஒன்று மட்டும் அப்போதே தீர்மானித்தேன். அந்த ஆறு மாவையும் உழுகிறவருக்கே எழுதிக் கொடுத்துவிடுவது. அவர் அப்பா எங்கள் பண்ணையாள், இவர் குத்தகைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். வரப்பில் குந்தியிருந்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

“எழுதிக் குடுக்கிறது கெடக்கட்டும் சின்னய்யா. மோட்டார் ரூம்பு ஓடு ஒழுவுது, அதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

ஓட்டையும் மாற்றவில்லை, நிலத்தையும் எழுதவில்லை. முதலில் வேலை கிடைக்கட்டும் என்றேன். பிறகு தங்கை கல்யாணம். பிறகு கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்ய ஒன்றுவிட்ட சகோதரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவன் மஸ்கட்டில் இருந்தான். மிராசுதார்கள் நீதிமன்றத்தில் வாங்கிய தடை உத்தரவுகளைக் கிண்டலடித்தவன் நான். எனக்கு நீதிமன்றமே தேவைப்படவில்லை.

குத்தகையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. அதில் தன் பெயரைச் சேர்க்கலாமா என்று ஒரு சம்பா அறுப்பின்போது குத்தகைக்காரர் கேட்டார். “நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்?” என்றேன், மிகுந்த பாசத்தோடு. அந்தப் பாசத்தின் பலனாக இன்றைக்கும் கொள்முதல் நிலையத்தில் நெல் போட, சிட்டா நகலுக்கு அவர் என்னிடம் வந்து நிற்கிறார்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வரப்புத் தென்னைகளைச் சாய்த்தது. வைத்தவர் அவர், தண்ணீர் ஊற்றியவர் அவர், விழுந்ததை அறுத்து அப்புறப்படுத்தியவரும் அவர். நிவாரணம் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. பாதியை உடனே கொடுத்தேன். மீதியைப் பொங்கலுக்குத் தருவதாகச் சொன்னேன். எந்தப் பொங்கல் என்று அவர் கேட்கவில்லை.

இப்படி இழுத்தடிக்க இடம் கொடுக்காத சட்டமும் உண்டு. இலங்கையில் 1972இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஆளுக்கு 50 ஏக்கர், வயல் என்றால் 25. அதற்கு மேல் இருந்த நிலம் சட்டம் வந்த தேதியிலேயே ஆணைக்குழுவுக்குச் சேர்ந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. நேற்றைய முதலாளி இன்றைக்குச் சட்டப்படி குத்தகைக்காரன். கூறு சீட்டு எழுதி மை காய நேரமில்லை. அந்த வேகத்தில் மலையகத் தமிழர் பலர் தோட்டத்தைவிட்டுத் துரத்தப்பட்டார்கள் என்பதால் அதையும் முழு மனதோடு புகழ முடியவில்லை.

இங்கேயே வேறு மாதிரியும் நடந்தது. வெண்மணிக்குப் பின் கீழத்தஞ்சைக்கு வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், சட்டம் நிலத்தை எடுத்துத் தரும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேரம் பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தை விலைக்கே வாங்கி உழைக்கும் பெண்களின் பெயரில் பதிந்தார். அந்த அம்மாவின் பேச்சை ஒரு கூட்டத்தில் கேட்டுக் கண்கலங்கியிருக்கிறேன். முடிந்ததும் கிட்டே போய் வணக்கம் சொல்ல நினைத்தேன். நிலம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

இப்போது குத்தகைக்காரருடைய மகன் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான். போன் செய்தான். “அண்ணே, அப்பாவுக்கு வயசாயிட்டு. சும்மா வேணாம், வெலையச் சொல்லுங்க. பத்திரச் செலவும் என்னுது.” மூன்று வயதிலிருந்து தேடிவந்த அத்தனை சாக்கையும் ஒரே மூச்சில் தீர்த்துவிட்டான். வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

பார்த்தும் விட்டேன். சொல்லத்தான் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் புறவழிச்சாலை வரப்போவதாக ஒரு பேச்சு. 2013 நில எடுப்புச் சட்டப்படி எடுத்தால், ஆறுதல் தொகையும் சேர்த்துச் சந்தை மதிப்பில் இரண்டு மடங்குக்குக் குறையாது. தாத்தா அரசாங்கத்திடமிருந்து ஒளித்துவைத்த அதே ஆறு மாவை அரசாங்கம் சட்டுப்புட்டென்று வந்து எடுத்துக்கொள்ளாதா என்று காத்திருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரை எங்கே பார்த்தாலும், “எப்ப சார் எடுப்பாங்க?” என்று கேட்கிறேன்.

“கவர்மென்ட் காரியம் சார், லேட்டாகும்” என்கிறார்.

சிங்கப்பூர் எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை இப்போதெல்லாம் எடுப்பதில்லை.