அவுட்லுக் உபாக்கியானம்

மின்விசிறி நின்றுபோனால் அந்த க்ஷணமே அறை முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் டம்ளர் கழுவப் போன பையன் வந்து பறையறைந்துவிடுகிறான். ஆனால் மெயில் நின்றுபோவது மட்டும் அப்படிப்பட்டதல்ல. மெயில் தடைப்பட்டிருப்பதும், நமக்கு மெயில் எழுதுவார் உலகில் ஒருவருமே இல்லாமலிருப்பதும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்குமாதலால், காலையில் ஏற்பட்ட தடையை மத்தியானம் வரையில் எவரும் உணராமல், "இன்னிக்கு என்னவோ வேலை சுறுசுறுப்பா ஓடுது" என்று சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு யாராவது ஒரு வாடிக்கைக்காரர் டெலிபோனில் கூப்பிட்டு, "காலையிலேயே மெயில் போட்டேனே, பார்க்கலையா?" என்று கேட்பார். அந்த நிமிஷத்தில் அவர்கள் சந்தோஷம் முடிவுறும். என் வேலை ஆரம்பமாகும்.

என் வேலை என்று சொன்னேனே தவிர, சம்பள ரிஜிஸ்தரில் அப்படி ஒரு வேலை எனக்குக் குறிக்கப்படவில்லை. சென்னைப் பாரிமுனைக்கு அருகே, துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளைச் சுங்க இலாகாவிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு காரியாலயத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பதே என் உத்தியோகம். கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பதற்கு ஏ.எம்.சி. எடுத்திருந்த நிறுவனத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒரு தம்பி வருவான். வந்து, எந்த உபத்திரவத்தைச் சொன்னாலும், "ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பான். பாதிக்குமேல் அதிலேயே தீர்ந்துவிடும் என்பதையும் நான் மறைக்கக்கூடாது. அவன் வராத தினங்களில் இந்தக் கைங்கரியம் என் தலையில் விழுந்ததற்குக் காரணம், திரையில் தோன்றும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு ஓகேயை அழுத்துகிற துர்ப்பழக்கம் அந்தக் காரியாலயத்தில் என் ஒருவனுக்கே இருந்தது என்பதுதான்.

"மெயில் வரலை சார்" என்னும் மூன்று வார்த்தைகளுக்குள் அடங்கிக் கிடக்கும் வியாதிகள் அநேகம். வரவேண்டியது வராமலிருப்பது ஒன்று. போகவேண்டியது போகாமலிருப்பதையும் ஜனங்கள் அதே வார்த்தைகளால்தான் சொல்லுவார்கள். எல்லாம் ஒழுங்காக வந்திருந்தும் கண்ணில் படாமலிருப்பது மற்றொன்று. ஏற்றுமதிப் பிரிவிலிருந்த அம்மையார் ஒருவர், விசாரித்தபோதெல்லாம், "நான் ஒண்ணும் பண்ணலை சார், அதுவா ஆயிடுச்சு" என்று தொடங்குவது வழக்கம். ஒருநாள் அவருடைய இன்பாக்ஸில் உச்சியில் நின்ற கடிதம் மூன்று வருஷத்துக்கு முந்தியதாயும், அதை எழுதியவர் பெயர் ஆங்கில அகரவரிசையில் முதலில் நிற்கத்தக்கதாயும் இருந்தது. 'ஃப்ரம்' என்ற தலைப்பின்மேல் மௌஸ் ஒருமுறை பட்டுவிட்டால் தேதி வரிசை மறைந்து பெயர் வரிசை வந்துவிடும் என்பதும், அன்று காலை முதல் வந்த கடிதங்களெல்லாம் அவரவர் பெயருக்குரிய இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தன என்பதும் அவருக்குத் தெரியாது. தேதியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். "பார்த்தீங்களா, நீங்க வந்தாத்தான் சரியாகுது" என்றார் அம்மையார், நான் மறுக்கவில்லை.

வாஸ்தவமாகவே ஏதேனும் கெட்டுப்போயிருந்தால் அவுட்லுக் அதை எண்ணால் அறிவிக்கும். பூஜ்யம், எக்ஸ், எட்டு, இரண்டு பூஜ்யம், மூன்று ஸி, ஒரு பூஜ்யம், ஒரு இ என்று சந்தியாவந்தன மந்திரம்போல் மூச்சுவிடாமல் ஒப்பிக்கவேண்டிய அந்த எண்ணுக்கு, 'ஸர்வரை எட்ட முடியவில்லை' என்பதற்குமேல் அர்த்தம் கிடையாது. கடைசியில் இ-க்குப் பதிலாக எஃப் வந்தால், எட்டினோம், பாதியில் விட்டுப்போயிற்று என்று பொருள். இவ்வளவு சுலபமான விஷயத்தை மனிதர் பாஷையில் முதலிலேயே சொல்லிவிட்டால் என்னவென்று எனக்கு ஆதியில் ஒரு குறை இருந்தது. ஆனால், சொன்னால் மட்டும் யார் படிக்கப்போகிறார்கள் என்பதை அநுபவத்தில் கண்டபின் அக்குறை நீங்கிற்று. "என்ன மெஸேஜ் வந்தது?" என்று கேட்டால், "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, குளோஸ் பண்ணிட்டேன்" என்பதே எல்லாப் பிரிவினரும் ஏகமனதாகக் கொடுக்கும் வாக்குமூலம்.

நிற்க. மெயிலின் சரீரத்தில் மிகவும் சூக்ஷ்மமான அவயவம் அவுட்பாக்ஸ் என்பது என் அபிப்பிராயம். போகவேண்டிய கடிதம் அங்கே சற்றுச் சாய்ந்த எழுத்துகளில் காத்திருக்கும். அந்தச் சாய்வே அது பிரயாணத்துக்குச் சித்தமாயிருக்கிறது என்பதற்கு அடையாளம். இப்பொழுது கவனியுங்கள்: அனுப்பியவருக்குச் சந்தேகம் வருகிறது. போயிற்றா, இல்லையா? அவுட்பாக்ஸைத் திறக்கிறார். கடிதம் இருக்கிறது. எல்லாம் சரியாகத்தானே எழுதியிருக்கிறோம் என்று அதையும் திறந்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, திருப்தியுடன் மூடுகிறார். மூடியதும் சாய்ந்த எழுத்துகள் நிமிர்ந்துவிடுகின்றன. அதாவது, அந்தக் கடிதம் இனிப் போகாது. பழைய அவுட்லுக்கில் இதுதான் சட்டம். மறுபடி திறந்து 'ஸெண்ட்' பொத்தானை அழுத்தினாலன்றி அது யுகாந்தம் வரை அங்கேயே கிடக்கும். போய்விட்டதா என்று பார்ப்பதனாலேயே போகாமலிருக்கும் வஸ்து இதைத் தவிர உலகில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா ஒருவர் எதையும் மும்முறை சரிபார்க்கும் உத்தமமான சுபாவம் உடையவர். அவருடைய அவுட்பாக்ஸில் நிமிர்ந்த எழுத்துக் கடிதங்கள் வரிசையாக நின்றன.

இன்னொரு விதமான அடைப்பும் உண்டு. ஸ்கான் செய்த பில் ஆஃப் லேடிங்கையும் இன்வாய்ஸையும் வர்ணப் படங்களாகவே சேர்த்து, இருபது எம்.பி. கனமுள்ள மூட்டையாக்கி அனுப்பிவிட்டு, "லிமிட் இருபத்தஞ்சுதானே சார், ஏன் போகலை?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1982-இல் இந்தத் தபால் முறைக்கு விதிகளை வகுத்தபோது, வெறும் ஆங்கில எழுத்துகளாலான கடிதங்களையே மனதில் கொண்டு வகுத்தார்கள். படம், பாட்டு, பில் ஆகியவற்றை உள்ளே கொண்டுபோக 1992-இல் 'மைம்' என்ற ஏற்பாடு வந்தபோதும், அவற்றை முதலில் எழுத்துகளாக மாற்றி அனுப்புவது என்றே தீர்மானித்தார்கள். அம்மாற்றத்தில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. ஆகவே இங்கே இருபதாக ஏறிய சரக்கு வழியில் ஏறக்குறைய இருபத்தேழாகப் பருத்து, ஸர்வர் வாசலில் நுழைய முடியாமல் திரும்பி வருகிறது. அவுட்லுக்கோ சலிக்காமல் மீண்டும் மீண்டும் அதையே உந்துகிறது. அதன் பின்னால் இரண்டு வரிக் கடிதங்கள் பல நகர வழியில்லாமல் நிற்கின்றன. துறைமுக வாசலில் லாரி வரிசையைத் தினந்தோறும் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க அதிகப் பிரயாசை தேவைப்படவில்லை.

பி.எஸ்.டி. என்னும் கோப்பைப்பற்றிச் சொல்லாமல் இவ்வியாசம் பூர்த்தியாகாது. இன்பாக்ஸ், அனுப்பிய கடிதம், விலாசம் யாவற்றையும் அவுட்லுக் அந்த ஒரே கோப்பில் திணித்து வைக்கிறது. 2002-ஆம் வருஷத்து அவுட்லுக் வரையில் இதற்கு உச்சவரம்பு இரண்டு ஜி.பி.; 2003-இல் இருபது ஆக்கினார்கள்; 2010-இல் ஐம்பது ஆக்கினார்கள். வரம்பு உயர உயர மனிதர்களின் ஆசையும் உயர்ந்ததேயன்றி, ஒரு கடிதத்தையாவது எவரும் கழித்ததாகத் தெரியவில்லை. கோப்பு சீர்கெட்டால் செப்பனிடுவதற்கு 'ஸ்கான்பிஎஸ்டி' என்று ஒரு கருவியை அவுட்லுக்கோடு கூடவே கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் அதை மெனுவில் வைக்காமல், புரோகிராம் கோப்புகளின் அடியில், நாலு ஃபோல்டர் தாண்டிப் போய்த் தேடவேண்டிய இடத்தில் வைத்ததன் ரகசியம் எனக்கு விளங்கவில்லை. எட்டுக் கட்டங்களாக அது வேலை செய்யும். மூன்றாம் கட்டத்திலேயே மத்தியான்ன போஜன வேளை வந்துவிடும்.

எங்கள் காரியாலயத்தில் அதிகக் கனமான பி.எஸ்.டி. சீனியர் பார்ட்னருடையது. திறந்து பார்த்தால் இன்பாக்ஸ் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. எடையெல்லாம் 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' என்ற பெட்டியில் கிடந்தது. "இதைக் காலி பண்ணிடலாமா ஸார்?" என்று கேட்டேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயையோ! முக்கியமானதெல்லாம் அதிலேதானே வெச்சிருக்கேன்!" வங்கி உத்தரவாதம், வழக்கு விவகாரம், மகனுடைய கல்லூரி அட்மிஷன் ஆகிய சமஸ்தமும் அங்கேதான் இருந்தன, ஒரே பொத்தானை அழுத்தினால் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்போது, அதைவிடச் சுலபமான ஃபைலிங் முறை எது என்பது அவர் கட்சி. அவர் ஒருவர்தான் இப்படி என்று எண்ணவேண்டாம். இந்தத் தொழிலில் உள்ள தம்பிமாரைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரும் இப்படி ஒரு பெரியவரைக் கண்டிருப்பார்கள்.

'ரீகால்' என்று ஒரு வித்தையும் உண்டு. அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாம். ஒரே காரியாலயத்து ஸர்வருக்குள், எதிராளி இன்னும் படிக்காதிருந்தால், அது பலிக்கலாம். வெளியாருக்கு அனுப்பியதில் பலிக்காது. 'இன்னார் தம் கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று புதிதாக ஒரு கடிதம் போய்ச் சேரும். அதுவரை முதல் கடிதத்தை அலட்சியம் செய்திருந்தவர்கூட உடனே தேடியெடுத்து, எழுத்தெழுத்தாகப் படிப்பார். நம் கடிதத்தைப் பிறர் கட்டாயம் படிக்கவேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. 'ரிப்ளை ஆல்' செய்யும் அநர்த்தத்தையோ விவரிக்கவே வேண்டியதில்லை. 1997-இல், இந்த மென்பொருளைச் செய்த மைக்ரோஸாப்டிலேயே, சுமார் 13,000 பேர் அடங்கிய ஒரு பட்டியலிலிருந்து தம்மை நீக்கும்படி ஒருவர் எல்லாருக்கும் எழுத, 'என்னையும்', 'என்னையும்' என்று மற்றவர்களும் எல்லாருக்கும் எழுதி, ஸர்வர்களையே திணற அடித்தார்கள்.

தமிழில் எழுதினால் வரும் விபத்து தனி. இக்காலத்தில் யூனிகோட் வந்து அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றாலும், ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த நாட்களில் வந்த கடிதம் வெள்ளைக்காரன் உளறல்போல் தெரியும். குறிமுறை தெரியாத மென்பொருள் நடுவில் அகப்பட்டுக்கொண்டால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியான பிறகு மூலத்தை மீட்க வழியே இல்லை. ஒரு வருஷம் தீபாவளி போனஸைப்பற்றி முதலாளி தாமே தமிழில் சுற்றறிக்கை எழுதி அனுப்பினார். அது ஆரம்பம் முதல் கையெழுத்து வரையில் கேள்விக்குறிகளாக எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று ஒருவரும் என்னிடம் புகார் கொண்டு வரவில்லை. விஷயம் தெளிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

இவ்வளவு காலம் இக்கைங்கரியத்தைச் செய்ததில் எனக்கு உறுதிப்பட்டது என்னவெனில், மெயில் கெடுவது எல்லாருக்கும் எப்போதும் துக்கமான சம்பவமல்ல என்பதே. முன்காலத்தில் தபால் தாமதமென்றும் தந்திக் கோளாறென்றும் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த ஜாதியார் இப்போது, "எங்க மெயில் டவுன் சார்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். ஒரு மாதக் கடைசியில், எங்கள் நிதி மானேஜருக்கு மெயில் வரவில்லை என்று அவருடைய உதவியாளர் ஓடிவந்து சொல்லவே, நான் போய்ப் பார்த்தேன். வியாதி ஒன்றுமில்லை; ஜன்னலின் அடியில் 'வொர்க்கிங் ஆஃப்லைன்' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. யாரோ அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கவேண்டும். அவுட்லுக் வெளியுலக சம்பந்தத்தைத் துறந்து மௌனத்தில் இருந்தது. சந்தோஷத்துடன் மௌஸைத் தொடப் போனேன்.

"இருங்க, இருங்க" என்றார் மானேஜர், குரலைத் தாழ்த்தி. "லாரிக்காரங்க, கண்டெய்னர்காரங்க எல்லாரும் பேமெண்ட் கேட்டு எழுதிட்டிருக்காங்க. அஞ்சாம் தேதிக்கு மேலே பார்த்துக்கலாமே."

அப்படியே விட்டுவிட்டேன். ஆறாம் தேதி காலையில் அவரே என்னைக் கூப்பிட்டு, பொத்தானை விடுவிக்கச் செய்து, நூற்றுக்கணக்கில் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபின், "உங்களை மாசாமாசம் எதுக்குச் சிரமப்படுத்தணும்? அந்தப் பட்டன் எங்கே இருக்குன்னு எனக்கே காட்டிக் குடுத்துடுங்க" என்று கேட்டுக்கொண்டார். காட்டிக் கொடுத்தேன். வாசகர்களில் எவருக்கேனும் மாதக் கடைசியில் தேவைப்படுமானால், புதிய அவுட்லுக் எப்படியோ அறியேன், 2010-ஆம் வருஷத்து அவுட்லுக்கில் அது மேலே 'ஸெண்ட்/ரிஸீவ்' என்ற தலைப்பின் கீழ், வலது ஓரத்தில் இருக்கிறது.