கீறல் விழாத வண்டி

ராயல் என்ஃபீல்டின் பொறுமையை மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். அந்தக் கடமை காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. 2013-ல் ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் அந்த நிறுவனம் ஆலை திறந்தது நம் மண்ணில்தான். 2024-25 நிதியாண்டில் 10 லட்சத்துக்கும் மேல் மோட்டார் சைக்கிள் விற்றார்கள். பணம் இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள், பெயரைச் சொன்னாலே நெஞ்சை நிமிர்த்துகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, தமிழ்நாடே மின்சார வண்டிக்கு மாறத் தொடங்கிய காலத்தில் கொஞ்சமும் பதறாமல் இருக்க எல்லோராலும் முடியாது.

மற்றவர்களுக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லை. கோவையில் 2008-லேயே ஆம்பியர் என்ற சிறு நிறுவனம் மின் வண்டியில் இறங்கியது. ஓசூரின் டிவிஎஸ் 2020 தொடக்கத்தில் ஐக்யூபைக் கொண்டுவந்தது. ஓசூரிலேயே ஏத்தர் ஆலை போட்டது, போச்சம்பள்ளியில் ஓலா ஆலை கட்டியது. ஆம்பியருக்கு 2021-ல் ராணிப்பேட்டையில் ஆலை வந்தது. காஞ்சிபுரம் பஸ் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. ராயல் என்ஃபீல்டு அந்தப் பக்கம் திரும்பாமல், 2022 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு ஸ்டார்க் ஃபியூச்சர் நிறுவனத்தில் 5 கோடி யூரோ முதலீடு செய்தது. வித்தை எங்கே இருந்தாலும் கடல் தாண்டியாவது போய்ப் பெற வேண்டும் என்ற அந்த ஆர்வம் பெரியது.

காத்திருந்ததற்குப் பலனும் அழகாகவே வந்தது. 2024 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் ஃப்ளையிங் ஃப்ளீ சி6 என்ற மின்சார மோட்டார் சைக்கிளைக் காட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கப்பட்ட 125 சிசி ராயல் என்ஃபீல்டின் பெயர் அது. முன்பக்கத்தில் அந்தக் காலத்து கர்டர் ஃபோர்க், அதுவும் அலுமினியத்தில் அடித்துச் செய்தது. மெக்னீசியத்தால் ஆன பேட்டரிப் பெட்டியில் பழைய எஞ்சினில் இருப்பது போன்ற வரிவரியான விளிம்புகள். பேட்டரியின் சூட்டைத் தணிப்பதும் அவைதான். அடுத்த ஆண்டு அதே மிலானில் எஸ்6 என்ற தங்கையையும் மேடையேற்றினார்கள். இரண்டையும் படத்தில் பார்த்தவர் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புல்லட் என்ற பெயரை மின்வண்டியின் தலையில் கட்டாமல் விட்டதும் கண்ணியம். அமெரிக்காவில் டாட்ஜ் நிறுவனம் பெட்ரோலில் ஓடிய ‘சார்ஜர்’ காரை நிறுத்திவிட்டு, அதே பெயரில் மின்சாரக் கார் செய்து, இல்லாத எஞ்சினின் உறுமலை ஒலிபெருக்கி வைத்து வரவழைத்தது. பிறகு பெட்ரோல் எஞ்சினையே திரும்பக் கொண்டுவந்தது. விசைத்தறிச் சேலைக்குக் கைத்தறி முத்திரை குத்துவதை அன்றாடம் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு, அந்த வேலையைச் செய்யாத நிறுவனத்தின் மேல் மரியாதை கூடத்தான் செய்யும்.

பாராட்டு என்று வந்துவிட்டால் காஞ்சியில் ஔவையாரை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதியமானுக்காகத் தூது வந்த அவருக்குக் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டினான். ஔவையார் பார்த்ததைத்தான் சொன்னார்: இங்கே ஆயுதங்கள் பூச்சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஃப்ளையிங் ஃப்ளீயைப் பற்றியும் பொய் சொல்லத் தேவையில்லை. அதன் மேல் ஒரு கீறல் விழவில்லை. 2024 போனது, 2025 போனது, அது மேடையைவிட்டு இறங்கி ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிற்கவில்லை. சேற்றில் புதைந்த வண்டி, பாதி வழியில் சார்ஜ் தீர்ந்த வண்டி என்ற கெட்ட பெயர் எதுவும் அதற்கு அந்த இரண்டு ஆண்டுகளில் வரவில்லை.

கீறல் விழுந்த வண்டிகளைப் பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வர வேண்டும். முடித்த சேலையை நெசவாளர் சங்கத்தில் கொடுத்துவிட்டுப் பாவும் ஊடையும் வாங்கி வருகிறவரின் மின் ஸ்கூட்டரை அங்கே பார்க்கலாம். கால் வைக்கும் இடத்தில் சரிகைப் பெட்டி, பின்னால் மனைவி, கம்பி போட்டுக் கட்டிய மட்கார்டு, டேப் ஒட்டிய கண்ணாடி. பேட்டரி பாதியாகத் தேய்ந்திருக்கும். சர்வீஸுக்கு விட்டால் எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. மின்சார வண்டியால் இந்த நாட்டில் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அந்த ஸ்கூட்டர்கள்தான் அடிபட்டுக் கற்றுக்கொடுத்தன.

சில பாடங்களுக்கு உயிரே விலையானது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் வண்டி தீப்பற்றி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அவசரமாகச் சந்தைக்கு வந்தவர்களை அதற்காக மன்னிக்க முடியாது. அந்த ஆண்டின் தீ விபத்துகளுக்குப் பிறகே பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் இறுகின. விதிகள் இறுகிய பிறகு களத்துக்கு வருவது புத்திசாலித்தனம், மறுக்கவில்லை. ஆனால் 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கி நம் சாலையையும் வெயிலையும் இத்தனை காலம் படித்த நிறுவனம், அந்தக் கஷ்டமான ஆண்டுகளில் புதியவர்களோடு களத்தில் நின்றிருந்தால், அதன் அனுபவம் எத்தனை பேருக்குக் காவலாக இருந்திருக்கும்!

வேதனை அதோடு முடியவில்லை. இந்த நிறுவனம் துணிச்சல் தெரியாத நிறுவனம் அல்ல. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த தாய் ஆலை 1967-ல் மூடப்பட்ட பிறகும் சென்னையில் புல்லட்டை நிறுத்தாமல் செய்தவர்கள் இவர்கள். கையில் காசில்லாத 1990-களில் டீசல் புல்லட்டையே விற்றார்கள். டீசலில் ஓடும் மோட்டார் சைக்கிளை ஆலையிலிருந்து வரிசையாக இறக்கிய நிறுவனங்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். கஷ்டத்தில் இருந்தபோது வந்த தைரியம், வசதி வந்த பிறகு அந்த இரண்டு ஆண்டுகளும் கண்காட்சி மேடையோடு நின்றது.

பழைய புல்லட் ஒருபோதும் குறையில்லாத வண்டியாக இருந்ததில்லை. எண்ணெய் ஒழுகும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து விட்டு, பிறகு ஓங்கி ஓர் உதை விட வேண்டும். நேரம் தப்பினால் கெண்டைக்கால் பெயர்ந்துவிடும். அந்த வண்டி இத்தனை தலைமுறை வாழ்ந்ததற்குக் காரணம் திருவொற்றியூர் மட்டுமல்ல. டப்பெட் சத்தத்தைக் காதால் கேட்டே இடைவெளியைச் சரிசெய்த தெருவோர மெக்கானிக்குகளும்தான். ஊருக்கு ஊர் அவர்கள் பட்டறையில் பிரிந்து கிடந்துதான் புல்லட் பெயர் வாங்கியது.

ஆகவே, ராயல் என்ஃபீல்டாரே, உங்கள் மின்சார வண்டியின் அழகை இதற்கு மேல் எங்களால் புகழ முடியாது. இனி அதைத் தெருவில் அடிபட விடுங்கள். மிலானுக்குப் போகிற வண்டியோடு, பட்டு நெய்கிறவரின் கூலிக்குக் கட்டுப்படியாகிற வண்டி ஒன்றையும் செய்யுங்கள். அதன் உதிரி பாகங்களையும், பழுது பார்க்கும் கையேட்டையும், பயிற்சியையும் உங்கள் ஆலைகள் இருக்கிற மாவட்டத்தின் புல்லட் மெக்கானிக்குகளுக்கு முதலில் கொடுங்கள்.