பார்க்கிங் சீட்டுச் சூத்திரமும் அதன் உரையாசிரியர்களும்

வணிக வளாகங்களில் தரும் பார்க்கிங் சீட்டின் பின்புறம், எறும்பெழுத்தில் ஒரு சூத்திரம் உண்டு: ‘வாகனம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்.’ இயற்றியவர் பெயரில்லை, காலமும் துணியப்படவில்லை. வெளியேறும் வழியில் பூம் பேரியர் சடாரென்று இறங்கி காரின் கூரையில் உட்கார்ந்ததுமே இதற்கு உரையாசிரியர்கள் தோன்றத் தொடங்குகிறார்கள். அவர்களை ஒப்புநோக்குவதே இவ்வாய்வு.

காலத்தால் முந்தியது செக்யூரிட்டி உரை: “கட்டை இறங்கறப்ப நீங்கதான் சார் உள்ள வுட்டீங்க.” அந்நேரம் உரையாசிரியர் கையில் டீ கிளாஸுடன் வேறு திசை பார்த்திருந்தார் என்பதால் இதைக் காட்சிப் பிரமாணமாகக் கொள்வதற்கில்லை.

சூப்பர்வைசர் உரை தருக்க மரபினது: “சென்சார் இருக்கு சார். கீழ வண்டி நின்னா இறங்கவே இறங்காது.” கூரை நசுங்கலை விரலால் தடவிக்கொண்டே இதைச் சொல்வார். சென்சார் என்பது பெரும்பாலும் தரைக்குள் பதித்த கம்பிச் சுருள். மேலே வண்டி நின்றால் சுருளின் மின்தூண்டல் மாறும். பெட்டிக்குள் இருக்கும் கருவி அதை உணர்ந்து கட்டையைத் தூக்கியே வைத்திருக்கும். வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து உயர உயர அந்த உணர்வு மங்கும். முன்வண்டியை ஒட்டியபடி இன்னொன்று போனாலும் கணக்குத் தப்பலாம். ஆகவே ‘இறங்கவே இறங்காது’ என்பதைப் பக்தி இலக்கியத்தில் சேர்ப்பதே முறை.

மேனேஜர் உரை சுருக்கத்துக்குப் பேர்போனது: “மெயில் பண்ணுங்க.”

“இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க” என்பது இடைச்செருகல். அப்படிப் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்தாண்டு கிளெய்ம் இல்லாதவருக்கு அது 50 சதவீதம். கட்டை அவர்களுடையது, இழப்பு நம்முடையது என்னும் இப்பங்கீட்டுக்கு மேற்கோள் காட்டியவர் எவருமில்லை.

மறுப்புரைகளில் தலையாயது உச்ச நீதிமன்றத்துடையது. 1998இல் டெல்லி தாஜ் மகால் ஓட்டலில் வாலே பார்க்கிங்கில் விட்ட மாருதி ஜென் திருடுபோனது. சொந்தக் கவனக்குறைவுக்கு இந்தச் சூத்திரத்தின் பின்னால் ஒளிய முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அது சாவியை ஒப்படைத்த வண்டி, நம்முடையது அப்படியல்ல என்பார்கள். மெய்தான். ஆனால் கட்டையின் சாவி அவர்களிடம்தானே இருக்கிறது? 1863இல் லிவர்பூல் மாவு வியாபாரியின் மாடியிலிருந்து பீப்பாய் ஒன்று வழிப்போக்கர்மேல் விழுந்த வழக்கில், பீப்பாய் தானாக விழாது, விழுந்ததே சாட்சி என்றது இங்கிலாந்து நீதிமன்றம். கட்டைக்கும் இது பொருந்தும்.

செய்முறை சிறிது. வண்டியை நகர்த்துமுன் கட்டையும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் விழுமாறு எடுக்க வேண்டும். சிசிடிவி பதிவின்மேல் புதுப்பதிவு ஏறிவிடும். அன்றே எழுத்தில் கேட்க வேண்டும். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டுடன் நோட்டீஸ் அனுப்பிப் பயனில்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டாண்டுக்குள். வக்கீல் கட்டாயமில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்க் கட்டணம், சேவைக்குக் கொடுத்த தொகையைப் பொறுத்தது. ஐந்து லட்சம் வரை ஒன்றுமில்லை. நாற்பது ரூபாய் பார்க்கிங் அந்த வரம்பைத் தாண்டாதென்று நம்பலாம். பார்க்கிங் இலவசமென்றால் ‘நீர் நுகர்வோரே அல்ல’ என்ற வாதம் கிளம்பும். அதனால் வளாகத்தில் வாங்கிய பொருளுக்கான அன்றைய பில்லைக் கசக்கி எறியாதீர்கள்.

ஆணையத்தின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தபின் மேனேஜர் உரையின் திருத்திய பதிப்பு தொலைபேசி வழியே வெளிவருவதுண்டு: “சார், எஸ்டிமேட் எவ்ளோன்னு சொன்னீங்க?”