மூன்று மணிக்குப் பிறகு

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில், பிற்பகல் மூன்று மணி அடித்ததும் தேர்தல் பிரிவின் கதவைச் சாத்திவிடுவோம். கட்சிக்காரர்களுக்குத் தேர்தல் வாக்குப்பதிவன்று. எங்களுக்கு அந்த மூன்று மணிக்கே தொடங்கிவிடும். சின்னம் ஒதுக்கி, இறுதிப் பட்டியல் எழுதி, அச்சகத்துக்கு அனுப்பி, லட்சக்கணக்கில் அடித்து, பின்பக்கம் எண் போட்டு, கட்டுக் கட்டாகத் தைத்து வாங்கி வந்து சேர்க்க வேண்டும்.

1989 சட்டமன்றத் தேர்தலில் என்னிடம் தரப்பட்டது புரூஃப் பார்க்கும் வேலை. "உக்காந்து படிக்கிற வேலைதானய்யா" என்றார் ஹெட்கிளார்க்.

படிக்கிற வேலைதான். அன்றைய சீட்டில் மந்திரி, சுயேச்சை எல்லோரும் ஒரே அகர வரிசையில் நின்றார்கள். அங்கமுத்து என்று பேர் வைத்த சுயேச்சை, ஆளுங்கட்சி வேட்பாளருக்கு மேலே உட்கார்ந்துகொள்ளலாம். ஜெயராமனோ வேலுச்சாமிக்கும் கீழே போவார். கிரந்த எழுத்துக்காரர்களுக்கு எப்போதும் கடைசி பந்திதான். "இனிஷியல் 'அ'ன்னுதானே இருக்கு, ஏன் மேலே போடலை?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். இனிஷியல் கணக்கில் வராது என்று விளக்கியதும், நான் எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அச்சகத்தில் ஃபோர்மன் அண்ணாச்சிதான் சட்டம். "தம்பி, பாக்கிறத இப்பவே பாத்துக்கிடுங்க. பூட்டுன பார்மாவத் திறக்கச் சொல்லாதீங்க. ஒரு பேரு கீழ எறங்குனா சின்னமெல்லாம் கூடவே எறங்கணும்." ஈய எழுத்தைக்கூட மாற்றிவிடலாம், சின்னங்களின் பிளாக்குகள்தான் பெரிய தலைவலி. அந்த வருடம் இரட்டை இலை முடக்கப்பட்டு, இரண்டாகப் பிரிந்த அ.தி.மு.க.வுக்குச் சேவலும் இரட்டைப் புறாவும் வந்திருந்தன. மை கொஞ்சம் தூக்கலானால் உதயசூரியனின் கதிர்கள் அடைத்துக்கொள்ளும். மையைக் குறைத்தால் புறாவின் இறக்கை மறைந்துவிடும். ஒரு தரப்புக்காரர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, "எங்க சின்னம் மட்டும் மங்கலா இருக்கே, இதுல ஏதோ சூழ்ச்சி இருக்கு" என்றார். அண்ணாச்சி ரோலரைக் காட்டி, "சூழ்ச்சி இதுலதான் இருக்கு, பெட்ரோல் ஊத்தித் தொடைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லையே இல்லை. முதல் இரண்டு பொதுத் தேர்தல்களிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. சின்னம் பெட்டியில் ஒட்டியிருக்கும், சீட்டில் வேட்பாளர் பேரே கிடையாது. 1962 தேர்தலில் எல்லாப் பேரையும் ஒரே சீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அதோடு ரப்பர் முத்திரையும் வந்தது, மடிப்பும் வந்தது. ஈரம் காயாத சீட்டை மடித்தால் முத்திரை எதிர்ப் பக்கத்திலும் பதியும். இதற்காகவே அந்த அம்புக்குறி முத்திரையை ஒரே திசையில் சுழல்வது மாதிரி செய்திருந்தார்கள். திரும்பிச் சுழன்றால் அது மடிப்பில் ஒட்டிய நிழல். நாட்டின் தலைவிதியை ஸ்டாம்ப் பேடின் ஈரத்திலிருந்து காப்பாற்றிய அந்த மூளைக்கு யாரும் விருது கொடுத்ததாகத் தெரியவில்லை.

பிறகு 1996 வந்தது. மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள்! தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்திருந்தார்கள். அன்றைக்குச் சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். எங்கள் மாவட்டம் அதற்கு வெகு தூரம். ஆனாலும் செய்தி வந்த அன்று எங்கள் பிரிவில் யாரும் காபிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஆயிரத்துச் சொச்சம் சின்னம் எங்கே போவது? அத்தனை பேரையும் ஒரு தாளில் எப்படி அடைப்பது? அடைக்க முடியவில்லை. தேர்தலைத் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். பக்கம் புரட்டி ஓட்டுப் போட்ட மக்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது, தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனை. வேட்பாளர்களில் பலருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. தங்கள் ஓட்டையே தங்களுக்குப் போடாத அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்ல! புத்தகத்தில் தங்கள் பக்கம் அகப்படவில்லையோ என்னவோ.

அதே வருடம் டெபாசிட் 5,000 ஆயிற்று (இப்போது 10,000). அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், மற்றப் பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று வரிசையும் மாறியது. அங்கமுத்துவின் ராஜ்யம் முடிந்தது.

2001-இல் தமிழ்நாடு முழுக்க இயந்திரம். இனி அச்சுத் தொல்லை ஒழிந்தது என்று எங்கள் அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். லட்டைத் தின்றுகொண்டே இயந்திரத்தைத் திறந்தால், உள்ளே செருகுவதற்கு ஒரு வாக்குச்சீட்டு அச்சடிக்க வேண்டும்! ஒவ்வொரு பேரும் தன் பொத்தானுக்கு நேராக நிற்க வேண்டும். பழைய சீட்டில் கோடு ஒரு நூல் நகர்ந்தால் அசிங்கம், அவ்வளவுதான். இதில் நகர்ந்தால் வாக்காளர் விரல் பக்கத்து வீட்டைத் தட்டும்.

ஒரு இயந்திரத்தில் பதினாறு வரி. 2013-இல் நோட்டா வந்து ஒரு வரியைப் பிடித்துக்கொண்டதால் ஆட்களுக்குப் பதினைந்துதான். பதினாறாவது சுயேச்சை வாபஸ் வாங்குகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து, தொகுதியின் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் இரண்டாவது இயந்திரம் போக வேண்டும். அந்த மூன்று மணிக்குக் கலெக்டரே கடிகாரத்தைப் பார்ப்பார். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர். வரிசையாக ஐந்து இயந்திரங்கள்.

ஒரே பேர்க்காரர்கள் தொல்லை அன்றும் உண்டு. தொழிலைச் சேர்த்துப் போடு, ஊரைச் சேர்த்துப் போடு என்கிறது விதி. எங்களிடம் வந்த இருவரும் விவசாயிகள், ஒரே ஊர். 2015-இல் வேட்பாளர் படத்தையும் அச்சடிக்கச் சொன்னார்கள், குழப்பம் தீரும் என்று. 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். தபால்தலை அளவுக் கறுப்பு வெள்ளைப் படத்தில் யார் யாரென்று கண்டுபிடிப்பது வாக்காளர் பாடு. 2025 பீகார் தேர்தலிலிருந்து வண்ணப் படம், அதில் முக்கால் பங்கு முகம், எண்களுக்கு 30 புள்ளி எழுத்து, 70 ஜிஎஸ்எம் தாள் என்று ஆணையம் அளந்து கொடுத்திருக்கிறது. அண்ணாச்சி இருந்தால், "ரோலரத் தொடைச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

தபால் வாக்குச்சீட்டு மட்டும் மாறவில்லை. தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்றும் தாள்தான்: சீட்டு உள் உறைக்குள், சான்றொப்பம் வாங்கிய உறுதிமொழிப் படிவம் அதற்கு வெளியே, இரண்டும் சேர்ந்து பெரிய உறைக்குள். படிவத்தைக் காணோமென்றால் உள் உறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். நாலைந்து தேர்தல்களாக வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு வகுப்பெடுத்த தலைமையாசிரியர் ஒருவர், "இந்தத் தடவை தபால் ஓட்டை முறைப்படி போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

"படிவத்தை எங்க சார் வச்சீங்க?"

"தொலைஞ்சிடக் கூடாதுல்ல, ஓட்டோடயே உள்ள வச்சு ஒட்டிட்டேன்."