வட்டம் போடும் அண்ணன்

கோச்சிங் சென்டர் இருக்கிற தெருவில் டீக்கடை இருந்தால், அங்கே இந்த அண்ணனும் இருப்பார். முப்பதை நெருங்கும் வயது. ஐபிபிஎஸ் கிளார்க், பிஓ, எஸ்பிஐ என்று வருஷம் பூராவும் ஏதாவதொரு பேங்க் பரீட்சை ஹால் டிக்கெட் கையில் இருக்கும். கணக்கு காலை வாரும், இங்கிலீஷ் கழுத்தை அறுக்கும். ஆனால் ரீசனிங்கில், அதிலும் சிலாஜிசத்தில், அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

'எல்லா நாற்காலியும் பூனை. சில பூனைகள் பென்சில்.' தாளில் இப்படி இருந்தால் அண்ணன் முகம் சுளிக்க மாட்டார். ஊருக்கே தெரிந்த உண்மைக்கு மாறாக இருந்தாலும் கொடுத்ததை நம்பு என்பது விதி. ஜான் வென் 1880-ல் வரைந்துவைத்த வட்டங்கள் தினத்தந்தி ஓரத்தில் மளமளவென்று விழும். "சில நாற்காலி பென்சில், எந்த நாற்காலியும் பென்சில் இல்லை. இந்த ரெண்டு முடிவையும் தனித்தனியா தப்புன்னு அடிச்சிட்டு வந்துடாதீங்கடா. ஐதர்-ஆர், ரெண்டுல ஒண்ணு நிச்சயம்! கால் மார்க் மைனஸ்ல போயிடும்" என்று ஜூனியர்களுக்கு இலவச வகுப்பு. டீக்காசு மட்டும் அவர்கள் கொடுக்க வேண்டும்.

மணிமேகலைக்குத் தருக்கம் சொன்ன அறவண அடிகள்கூட மலை, புகை, நெருப்பு என்று கண்ணால் பார்க்கிற சங்கதியைத்தான் எடுத்துக்கொண்டார். நாற்காலியைப் பூனையாக்கினால்தான் நல்ல கிளார்க் கிடைப்பார் என்று எந்த மகானுபாவன் கண்டுபிடித்தானோ!

தாளில் எதையும் நம்புகிற அண்ணன், வீட்டில் எதையும் நம்ப மாட்டார். "விசேஷத்துக்கு நம்ம ஆளுங்க கொஞ்சப் பேருதான்டா வந்தாங்க" என்று அம்மா வருத்தப்பட்டால், "ஒன்லி எ ஃபியூ! அப்போ சிலர் வந்தாங்க, சிலர் வரலை, ரெண்டுமே உறுதி" என்பார். அம்மா இட்லித் தட்டை நங்கென்று வைப்பார்.

போன மாதம் தரகர் வந்திருந்தார். "பொண்ணு வீட்டுல எல்லாருமே கவர்மென்ட் வேலை தம்பி."

அண்ணன் பேனாவை எடுத்து வட்டம் போட்டார். "அதுக்காக கவர்மென்ட் வேலையில இருக்கறவங்க எல்லாரும் அந்த வீட்டு ஆளுங்கன்னு ஆயிடாது. சிலர்னு வேணா சொல்லலாம்."

தரகர் அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி தம்பி, இதுல நீங்க எங்க நிக்கிறீங்க?"

"இப்போதைக்கு வெளியே. பாசிபிலிட்டி கேஸ்ல உள்ளே வரலாம்."

தரகர் ஜாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.