சான்றிதழ் வாங்கிய நர்சம்மா

மங்களூர் என்றதும் பக்கத்து நாற்காலிக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மீன் நல்லா கிடைக்குமே!" என்றார். முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்காகச் சென்னைக்குப் போயிருந்த இடத்தில் நடந்தது இது. எங்கள் மங்களூர் கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், விருத்தாசலத்துக்கும் அந்தப் பக்கம், மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற வானம் பார்த்த பூமி என்று சொல்லியிருக்கலாம். விளக்கச் சோம்பல்பட்டு, "ஆமாங்க, கிடைக்கும்" என்று தலையாட்டிவிட்டேன். அவர் வறுவலா குழம்பா என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன்.

பயிற்சியில் ஒரு குறையும் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியதையும், 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நாட்டிலேயே முதலாவதாக முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு வந்ததையும் சொன்னார்கள். பெருமையாக இருந்தது. கூடவே ஒரு கணக்கும் ஓடியது. அந்த மருத்துவம் சென்ட்ரலுக்கு எதிரிலிருந்து கிளம்பி எங்கள் பக்கத்துத் திண்ணைகளுக்கு வந்து சேர 40 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வந்ததும் எம்.டி. படித்தவர் உருவில் வரவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு, பிரஷர் மிஷினும் மாத்திரைப் பையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்கள் உருவில்தான் வந்தது. தமிழ்நாட்டில் 100 பேருக்கு 13 அல்லது 14 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்பது 2021-க்கான மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இளவட்டங்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட எங்கள் தெருக்களில் பகல் பதினொரு மணிக்கு வந்து எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

சான்றிதழ் வாங்கிய சூட்டோடு ஓர் ஆயாவுக்கு ஞாபகசக்திச் சோதனை வைத்தேன். வாழைப்பழம், சூரியன், நாற்காலி என்று மூன்று வார்த்தை சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கடிகாரம் வரையச் சொல்ல வேண்டும். பிறகு அந்த மூன்று வார்த்தைகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். ஆயா பென்சிலை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். பென்சில் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் கோலம் போட்ட கை. காம்பஸ் வைத்ததுபோல் ஒரு வட்டம் விழுந்தது. உள்ளே வரிசையாகப் புள்ளிகள்.

"முள்ளு எங்க ஆயா?"

"முள்ளு எதுக்கு? கால்ல குத்தவா?"

பூஜ்யம் என்று குறித்தேன். போகிற போக்கில் மணி என்ன இருக்கும் என்று கேட்டேன். "எட்டரை பஸ்ஸு போயி கொஞ்ச நேரம் ஆச்சு" என்றார். கைபேசியில் 8.40. அதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை. அதற்குள் எனக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்து மூன்று வார்த்தைக்குத் திரும்பினேன். "வாழப்பழம், சூரியன், நாக்காலி" என்றார் ஆயா. மூன்றாவதைத் தப்பு என்று குறித்தேன், நான் சொன்னது மேசை என்ற உறுதியில். வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினால் நாற்காலி! ஞாபகசக்தி குறைந்தவர் என்று ஒருவரைப் பதிவு செய்தாயிற்று, ஆள்தான் மாறிவிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இந்தச் சோதனைகள் சறுக்கும் என்பது புதுச் செய்தியும் இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் வேலை செய்த ஆய்வாளர்கள் அதற்காகவே இந்தியில் ஒரு சோதனையை உருவாக்கி 1995-ல் வெளியிட்டார்கள். காலையா, மத்தியானமா, சாயங்காலமா என்பது போன்ற கேள்விகள் அதில் உண்டு. எங்கள் ஆயா அதில் முதல் வகுப்பில் தேறியிருப்பார்.

அடுத்தவர் ஒரு பெரியவர். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பியூஸ் கட்டை செய்து காலம் தள்ளியவர். வயதாகும்போது காதுக்கு முதலில் எட்டாமல் போவது கீச்சுக்குரல்தான், கத்தினால் குரல் இன்னும் கீச்சாகும், ஆகவே எதிரில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நரைத்த தலையைக் கண்டதும் எல்லாம் பறந்துவிட்டது. அவருக்குக் காது மந்தம் என்று நானே முடிவு செய்து, தெருவில் நின்றபடி, "மூத்திரத்தை அடக்க முடியுதாங்கய்யா?" என்று கூவினேன். குழாயடியில் பேச்சு நின்றது. எதிர்வீட்டு அம்மா முறத்தோடு வெளியே வந்தார். பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "எனக்குக் காது கேக்குதும்மா. இப்ப ஊருக்கே கேட்டிருச்சு."

அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே சொன்னார். தூக்கம் கெடுகிறதா, இல்லை. கீழே விழுந்ததுண்டா, இல்லை. நடுவில் இருமிக்கொண்டே "இல்லை" என்றார். "இந்த வயசுல இருமல் இருக்கும்தாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். வயசு என்பது நோயின் பெயரல்ல என்பது பயிற்சியின் முதல் பாடம். நான் அன்று டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, என்ன வேலை பார்த்தவர் என்பது. பீங்கான் மண்ணில் சிலிக்கா உண்டு. அந்தத் தூளை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறும். காசநோய் பிடிக்கவும் வாய்ப்பு கூடும். எக்ஸ்ரேவுக்கும் சளிப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது திண்ணையில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினேன். முன்பு கூவிய கேள்விக்கும் அப்போது பதில் கிடைத்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பிரஷர் விஷயத்திலும் இதே கதைதான். உட்கார வைத்துப் பார்த்து "சூப்பர்" என்று எழுதிவிட்டு வருவேன். படுக்க வைத்துப் பார்த்து, எழுந்து நின்ற 3 நிமிஷத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், மேல் அளவு 20 இறங்கினால் தலைசுற்றி விழுவதற்கு அதுவே காரணமாகலாம் என்பது கையேட்டில் அடிக்கோடு போட்டே இருக்கிறது. அடிக்கோடு போட்டது நான்தான்.

கூப்பிடுகிற முறையிலும் சறுக்கினேன். அறுபதை அப்போதுதான் தாண்டிய ஒருவரிடம் போய், "பாட்டீ, சமத்தா கையை நீட்டுங்க பாப்போம்" என்று குழந்தைக் குரலில் கொஞ்சினேன். களையெடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தவர் அவர். "சீட்டுல எம் பேரு எழுதலியா?" என்று கேட்டார். நியாயம். விருத்தாசலத்து அம்பாளுக்கே இது பொறுக்கவில்லையே. குரு நமசிவாயர் பசியோடு வந்து அம்மனைக் கிழத்தி என்று பாடிச் சோறு கேட்டாராம். கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று அவள் மடக்கினாளாம். இளையவளாக வைத்து மறுபடி பாடிய பிறகுதான் சோறு வந்தது என்பது அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லப்படும் கதை. அம்பாள் கோபித்தாலாவது அடுத்த பாட்டுக்கு வாய்ப்புண்டு. அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது மறுபயிற்சி வரப்போகிறது; புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம்! அமெரிக்காவில் சில மருத்துவக் கல்லூரிகளில் மாணவரையும் மூத்த குடிமகன் ஒருவரையும் இணைத்துவிட்டு, மூத்தவரையே ஆசானாக்கும் ஏற்பாடு உண்டு. அதைச் சொல்லி, என் வகுப்புக்கு அந்தக் கோல ஆயாவை அழைத்து வரலாமா என்று கேட்டேன். பயிற்றுநர் என்றால் கல்வித் தகுதி எழுத வேண்டும், என்ன எழுதுவது என்று திருப்பிக் கேட்டார்கள். ஆயாவிடமே போய்க் கேட்டேன். "வர்றேன். பஸ்ஸுக்கும் அன்னிக்கிக் கூலிக்கும் யாரு குடுப்பா?" என்றார்.

அனுமதி கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'பொருள்' என்று போட்டதோடு நிற்கிறது.